பேட்மேன் அனிமேஷன் வில்லன் பொம்மைகள்: சேகரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எந்தத் தொடரின் வில்லன்களைப் பற்றிய பக்கம் இது?

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 1992 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய பேட்மேன் அனிமேஷன் தொடர். புரூஸ் டிம், எரிக் ரடோம்ஸ்கி இருவரும் உருவாக்கியது. மொத்தம் 85 அத்தியாயங்கள். ஜோக்கர், டூ-ஃபேஸ், மிஸ்டர் ஃப்ரீஸ், பாய்ஸன் ஐவி, ஸ்கேர்க்ரோ, பென்குவின், ரிட்லர், கேட்வுமன், கில்லர் கிராக், பேன், மேன்-பேட், க்ளேஃபேஸ் என்று இதன் வில்லன் பட்டியல் நீளம். ஹார்லி குவின் இந்தத் தொடருக்காகவே படைக்கப்பட்டவள். காமிக்ஸ் புத்தகங்களுக்கு அவள் வந்தது அதற்குப் பிறகுதான்.

பேட்மேனை விட்டுவிட்டு வில்லன்களை மட்டும் சேர்ப்பதில் என்ன லாபம்?

தொடரை ஒட்டி முதலில் பொம்மை வெளியிட்டது சின்சினாட்டி நகரின் கெனர் நிறுவனம். கடைக்கு வரும் குழந்தை கேட்பது பேட்மேனைத்தான் என்பதால், ஒரே பேட்மேனை வெவ்வேறு நிறத்திலும் வெவ்வேறு கவசத்திலும் அடுக்கடுக்காக இறக்கினார்கள். தொடரில் ஒருமுறைகூட வராத நிறங்கள் அதில் ஏராளம். வில்லன்களுக்கோ பெரும்பாலும் ஆளுக்கு ஒரு பொம்மைதான். ஆகவே பேட்மேன் வரிசையை முடிக்க முனைந்தால் முடிவே இருக்காது. வில்லன் வரிசையை ஒரு அலமாரித் தட்டில் முழுமையாக நிறுத்திவிடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு, எங்களுக்கு அதுதான் முக்கியம். இந்தத் தொடரின் வில்லன்கள் ஒவ்வொருவரும் நிழலைப் பார்த்தாலே ஆள் தெரியும்படி வரையப்பட்டவர்கள். அந்தக் கோடு பிளாஸ்டிக்கில் எவ்வளவு பிழைத்திருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு பொம்மை நல்லதா இல்லையா என்று சொல்ல முடியும். பேட்மேன் பொம்மையில் தோளிலிருந்து தொங்கும் கேப் பாதியை மறைத்துவிடும். வில்லன் பொம்மையில் சிற்பியின் கை அப்படியே தெரியும்.

ஒரே வில்லனுக்கு இரண்டு முகங்கள் இருக்கின்றனவே, எது சரி?

இரண்டும் சரி. 1997-இல் தொடர் புதிய பெயரில் மீண்டும் வந்தபோது பெரும்பாலான பாத்திரங்களை மறுபடி வரைந்தார்கள். கோடுகள் குறைந்தன, மூலைகள் கூர்மையாயின. வாங்குமுன் எந்தக் காலத்து உருவம் என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டையும் கலந்து வைத்தால் தட்டு பொருந்தாமல் நிற்கும்.

ஜோக்கருக்கு 1992 உருவத்தில் சிவந்த உதடும் மஞ்சள் படிந்த கண்ணும் உண்டு. 1997-இல் உதடு போய்விட்டது, கண் கறுப்பு, நடுவில் வெள்ளைப் புள்ளி. பழைய பென்குவினுக்குக் கை துடுப்பு மாதிரி ஒட்டியிருக்கும். புதியவருக்கு ஐந்து விரல். கேட்வுமனின் சாம்பல் நிற உடை முழுக் கறுப்பானது. கில்லர் கிராக் சாம்பலிலிருந்து பச்சைக்கு மாறினான். ரிட்லரின் கோட்டும் தொப்பியும் போய், வழுக்கைத் தலையும் ஒட்டு உடையும் வந்தன. அதிகம் மாறியவன் ஸ்கேர்க்ரோ. பழையவன் வைக்கோல் திணித்த சாக்கு மூஞ்சி. புதியவன் அகலத் தொப்பியும் கழுத்தில் தூக்குக் கயிறுமாக ஒரு பழைய கால மதபோதகர் போல நிற்பான். ஸ்கேர்க்ரோ மட்டும் புதியவனே மேல் என்பது எங்கள் கருத்து. ஜோக்கரில் பழையவரை விட்டுக்கொடுக்க மாட்டோம்.

எந்தெந்த நிறுவனப் பொம்மைகள் கிடைக்கின்றன?

கெனர் வெளியீடுகள் 1992-இல் தொடங்கியவை. உயரம் ஏறத்தாழ 5 அங்குலம். பெரும்பாலும் 5 மூட்டுகள்: கழுத்து, இரண்டு தோள், இரண்டு இடுப்பு. முழங்கால் மடங்காது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கை வீசுவது போல ஒரு விசை விளையாட்டு இருக்கும்.

இதே பாணியில் வரையப்பட்ட இன்னொரு அனிமேஷன் தொடரை ஒட்டி வந்த, மேட்டல் நிறுவனத்தின் ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட் வரிசையும் 5 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான உயரம்தான். அதில் பல பொம்மைகளின் கால்கள் மென்மையான பிளாஸ்டிக். வெயில் காலத்தில் மெல்ல வளைந்து, நிறுத்திய பொம்மை தானாகக் குப்புற விழும்.

பேட்மேன் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனத்தின் டிசி கலெக்டிபிள்ஸ் வரிசை 2014 கடைசியில் வந்தது. 6 அங்குல அளவு, நிறைய மூட்டுகள், மாற்றுக் கைகள், தனி ஸ்டாண்ட். முதல் சுற்றிலேயே பேட்மேனோடு கேட்வுமன், மிஸ்டர் ஃப்ரீஸ், டூ-ஃபேஸ் என மூன்று வில்லன்கள். திரையில் பார்த்த உருவத்துக்கு மிக நெருக்கமாக வந்தவை இவைதான். எளிதில் உடைபவையும் இவைதான். 2020 முதல் டிசி உரிமம் பெற்ற மெக்ஃபார்லேன் டாய்ஸ், அதன் பிறகு இதே 6 அங்குல அளவில் ஒரு வரிசை வெளியிட்டது. அதில் ஒரு சுற்றின் பொம்மைகளோடு வரும் துண்டுகளை எல்லாம் சேர்த்தால் காண்டிமென்ட் கிங் என்ற கூடுதல் வில்லன் கிடைப்பான்.

புதிதாகத் தொடங்குபவர் ஒரு அளவைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்பது நல்லது. 5 அங்குல ஜோக்கருக்குப் பக்கத்தில் 6 அங்குல ஹார்லியை வைத்தால் இருவருமே கெட்டுப்போவார்கள்.

கெனர் பொம்மை முழுமையாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பெட்டியிலிருந்து பிரித்த பொம்மையை வாங்கும்போது முதலில் தொலைந்திருப்பது ஆயுதம்தான். பொம்மை 300 ரூபாய்க்குக் கிடைத்தாலும் அதன் துணைப் பொருளைத் தனியாகத் தேடினால் பொம்மையைவிட அதிகம் கேட்பார்கள். எனவே எது எதோடு வந்தது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜோக்கருக்குச் சிரிப்பு வாயுத் துப்பாக்கி. டூ-ஃபேஸுக்கு ரூலெட் சக்கரம் பொருத்திய துப்பாக்கி. ரிட்லருக்குக் கேள்விக்குறி ஏவும் கருவி. ஸ்கேர்க்ரோவுக்கு அரிவாள். பாய்ஸன் ஐவிக்குப் பூச்சி தின்னும் செடி ஒன்று, வாயைத் திறந்து மூடும். கில்லர் கிராக்கோடு ஒரு குட்டி முதலை. பேனுக்கு, வெனம் என்ற பலமூட்டும் மருந்து ஏறும் குழாய்.

இதில் கவனமாகப் பார்க்க வேண்டியது பேனின் குழாய். மெல்லிய பிளாஸ்டிக் ஆனதால் காலப்போக்கில் விறைத்து, செருகும் முனையில் வெடிக்கும். விற்பவரிடம் குழாயின் இரண்டு முனைகளையும் அருகில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். “குழாய் இருக்கிறது” என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்.

கை, கால் விசை வைத்த பொம்மைகளில் விசை வேலை செய்கிறதா என்று வீடியோ கேளுங்கள். உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தால் கை போன இடத்திலேயே நின்றுவிடும். உடல் இரண்டு பாதிகளாக ஒட்டப்பட்டது என்பதால், திறந்து சரிசெய்ய முனைந்தால் பக்கவாட்டுத் தையல் நெடுக வெள்ளைக் கீறல் விழும். விசை போன பொம்மையை அப்படியே நிறுத்தி வைப்பதே மேல்.

பொம்மையின் உடலில் 1992 என்று இருக்கிறது, ஆனால் விற்பவர் வேறு ஆண்டு சொல்கிறார். ஏமாற்றா?

அவசியமில்லை. முதுகிலோ காலிலோ பொறித்திருப்பது பதிப்புரிமை ஆண்டு. அதே அச்சைப் பிறகு வேறு நிறத்திலோ வேறு பெயரிலோ பயன்படுத்தினால் பழைய ஆண்டு அப்படியே தொடரும். தொடரின் பெயர் 1994-இல் தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் பேட்மேன் அண்டு ராபின் என்று மாறியபோது, பொம்மை ஒட்டி வரும் அட்டையின் தலைப்பும் மாறியது. ஆகவே வெளியீட்டு ஆண்டை உறுதிப்படுத்த அட்டைதான் சான்று. அட்டை இல்லாவிட்டால் நிறத்தையும் துணைப் பொருளையும் ஒப்பிட வேண்டும்.

கெனர் இதைத் தாராளமாகவே செய்த நிறுவனம். 1992-இல் வந்த பேட்மேன் ரிட்டர்ன்ஸ் திரைப்படத்துக்காக அவர்கள் வெளியிட்ட பென்குவின், 1980-களின் சூப்பர் பவர்ஸ் வரிசையில் வந்த பென்குவினின் அச்சுதான். படத்தில் நடித்தவரின் சாயலே அதில் இருக்காது. அதை அனிமேஷன் பென்குவின் என்று விற்பவர்கள் உண்டு. விரல்களையும் முகத்தையும் தொடரின் படத்தோடு ஒப்பிட்டால் போதும்.

ஹார்லி குவின், பாய்ஸன் ஐவி மட்டும் ஏன் இவ்வளவு விலை?

அந்தக் காலத்தில் பெண் பாத்திரங்களின் பொம்மையைப் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்ற எண்ணம் பொம்மைத் தொழிலில் வேரூன்றி இருந்தது. அதனால் கடைகளுக்கு அனுப்பும் ஒவ்வொரு பெரிய பெட்டியிலும் அவற்றைக் குறைவாகவே வைத்தார்கள். ஹார்லி தொடரில் தோன்றியது 1992 செப்டம்பரில்; கெனர் அவளுக்குப் பொம்மை வெளியிட்டது 1997-இல்தான். ஐந்து ஆண்டுகள் ரசிகர்கள் காத்திருந்தார்கள், வந்ததும் சட்டென்று மறைந்தது. விலை ஏறியதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை.

விலையைக் கணிக்க, இணையச் சந்தையில் விற்பனைக்கு வைத்திருக்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஈபேயில் விற்று முடிந்தவை என்ற வடிகட்டியைப் போட்டு, அதே நிலையில் உள்ள 5 அல்லது 6 விற்பனைகளைப் பாருங்கள். அதிகமானதையும் குறைவானதையும் தள்ளிவிட்டு மீதியின் சராசரியை எடுங்கள். கூரியர் கட்டணமும் சுங்க வரியும் அதற்கு மேல்.

6 அங்குல வில்லன்களின் கணுக்கால் ஏன் அடிக்கடி ஒடிகிறது?

வரைந்த விதமே காரணம். டிம்மின் பாணியில் தோள் அகலம், மார்பு கனம், கால் கீழே போகப் போக ஒடுங்கும். காகிதத்தில் அது அழகு. பிளாஸ்டிக்கில் எடை முழுவதும் மேலே போய்விடுகிறது. அதைத் தாங்க வேண்டிய கணுக்காலில் 2 மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு பெக், அதாவது சிறு முளை. அந்தப் பெக்கின் மேல் பெயின்ட் கசிந்து காய்ந்திருந்தால் மூட்டு ஒட்டிக்கொள்ளும். அது தெரியாமல் திருப்பினால் மூட்டு அசையாது, பெக் முறுகி அறுந்துவிடும்.

புதுப் பொம்மையைப் பிரித்ததும் எந்த மூட்டையும் அசைக்காதீர்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, 5 நிமிடம் ஆறவிடுங்கள். அசைக்க வேண்டிய மூட்டை மட்டும் ஒரு நிமிடம் முக்குங்கள். எடுத்ததும் மூட்டுக்கு மேலே ஒரு கையாலும் கீழே ஒரு கையாலும் நெருக்கமாகப் பிடித்து, ஒரு பக்கமாகச் சிறிதளவு, பிறகு மறுபக்கம் சிறிதளவு என்று அசைத்துப் பாருங்கள். பெயின்ட் விட்டுக்கொடுக்கும்போது லேசான நொறுங்கல் விரலுக்குத் தெரியும். தெரியாவிட்டால் மறுபடி முக்குங்கள். நான்கைந்து முறை ஆனாலும் பொறுமையாகச் செய்யுங்கள். மூட்டு விட்டதும் ஒரு குண்டூசி முனையில் சிலிக்கான் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய், மெஷின் எண்ணெய், வாஸ்லின் எதுவும் வேண்டாம். தூசியைப் பிடித்துப் பிசுபிசுப்பாகும். சிலவகைப் பிளாஸ்டிக்கை வெடிக்கவும் வைக்கும்.

கை மாற்றும்போதும் இதே முறைதான். மணிக்கட்டைச் சூடாக்கி, கையை நேராக வெளியே இழுங்கள். திருகி எடுக்கக் கூடாது.

ஒடிந்தே போய்விட்டது. ஒட்ட முடியுமா?

சூப்பர் க்ளூவால் மட்டும் ஒட்டினால் முதல் அசைவிலேயே விட்டுவிடும், ஏனென்றால் ஒட்டும் பரப்பு அவ்வளவு சிறியது. உள்ளே கம்பி வேண்டும். கையால் சுழற்றும் சிறு துளைக்கருவியில் 0.8 மில்லிமீட்டர் முனையை மாட்டி, ஒடிந்த இரண்டு முகத்திலும் நடுவில் 4 மில்லிமீட்டர் ஆழம் துளையிடுங்கள். நடுப்புள்ளி பிசகினால் கால் கோணலாக நிற்கும். ஒரு முகத்தின் நடுவில் மைப் புள்ளி வைத்து, மறுமுகத்தோடு அழுத்தி எடுத்தால் இரண்டு புள்ளியும் நேராக விழும். 0.8 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை 7 மில்லிமீட்டர் வெட்டி, ஒரு பக்கம் பசை தொட்டுச் செருகிக் காயவிட்டு, பிறகு மறுபக்கத்தைச் செருகுங்கள். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

வழுவழுப்பாக, மெழுகு தேய்த்தது போல இருக்கும் பெக் என்றால் அது அசிட்டால் பிளாஸ்டிக்காக இருக்கலாம். அதில் பசை பிடிக்காது. வேறு பொம்மையிலிருந்து பெக் எடுத்துப் போடுவதுதான் வழி.

மிஸ்டர் ஃப்ரீஸின் கண்ணாடிக் கூண்டு பனி படர்ந்த மாதிரி வெளுத்துவிட்டது. என்ன ஆயிற்று?

பக்கத்தில் சூப்பர் க்ளூ பயன்படுத்தியிருப்பார்கள். அந்தப் பசையின் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கின் மேல் படிந்து வெள்ளைப் படலமாகும். புதிதென்றால், சோப்புத் தண்ணீரில் நனைத்த மென்மையான துணியால் துடைத்துப் பாருங்கள். போகாவிட்டால் பிளாஸ்டிக் பாலிஷ் கொண்டு ஒரே திசையில் தேய்க்க வேண்டும். ஸ்பிரிட், தின்னர் போன்றவை கூண்டின் அருகே வரவே கூடாது. தெளிந்த பிளாஸ்டிக்கில் மயிரிழை போன்ற விரிசல்கள் ஓடிவிடும், அதைத் திருப்ப முடியாது. ஃப்ரீஸின் உடலில் எங்கே பசை போட்டாலும், கூண்டைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அந்தக் கூண்டுக்குள் தெரியும் முகம்தான் அந்தப் பொம்மையின் உயிர்.

பொம்மை பிசுபிசுவென்று ஒட்டுகிறது. பூஞ்சையா?

இல்லை. பிவிசி பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் வெளியே கசிகிறது. மூடிய டப்பாவில் காற்றோட்டமில்லாமல், சூட்டில் இருந்தால் இது வேகமாக நடக்கும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் பரணில் பொம்மை வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கட்டாயம் வரும்.

வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லிட்டருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் 4 சொட்டு. மென்மையான டூத் பிரஷால் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். விசைப் பொம்மைகளை முக்காதீர்கள், ஸ்பிரிங்குக்குத் தண்ணீர் போய்விடும், ஈரத்துணியால் துடையுங்கள். சில மாதங்களில் பிசுபிசுப்பு திரும்பும், திரும்பக் கழுவ வேண்டியதுதான். கழுவுவதைவிட இடத்தை மாற்றுவது முக்கியம்: வெளிச்சுவர் அல்லாத சுவர், நேர் வெயில் படாத அலமாரி, கதவில் சிறு இடைவெளி.

ரப்பர் பேண்ட் போட்டு ஆயுதத்தைக் கையில் கட்டி வைப்பது பெரிய தவறு. ரப்பர் உருகிப் பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும். சோபா பஞ்சும் அப்படியே. பாலிப்ரோபிலீன் பையில், வாயை மூடாமல் வையுங்கள்.

ஜோக்கரின் முகம் மஞ்சளாகிவிட்டது. வெள்ளையாக்கலாமா?

மஞ்சளித்த பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் காட்டி வெளுக்கும் முறை இணையத்தில் பிரபலம். ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த, பெயின்ட் இல்லாத பாகங்களுக்கு அது ஓரளவு பலிக்கும். ஜோக்கரின் தலைக்கு வேண்டாம். உதட்டுச் சிவப்பும் முடியின் பச்சையும் வெளுக்கும், மென்மையான பிளாஸ்டிக் திட்டுத் திட்டாகும், கொஞ்ச காலத்தில் மஞ்சளும் திரும்பும். லேசாக மஞ்சளித்த ஜோக்கர் பார்க்க நன்றாகவே இருக்கும்.

டூ-ஃபேஸில் தனியாகப் பார்க்க வேண்டியது உண்டா?

அவனுடைய இரண்டு பாதிகளையும் பிரிக்கும் கோடு. நெற்றி, மூக்கு, தாடை, சட்டை, கோட்டு என்று ஒரே நேர்கோடு கீழே இறங்க வேண்டும். முகம் தனி, உடல் தனி எனப் பெயின்ட் அடிப்பதால் அரை மில்லிமீட்டர் விலகினாலும் கண்ணை உறுத்தும். கழுத்தைத் திருப்பிச் சரிக்கட்டலாம், ஆனால் அப்போது அவன் பக்கவாட்டில் பார்ப்பான். கடையில் நேரில் வாங்க முடிந்தால் மூன்று பெட்டிகளை வாங்கிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பெட்டி பிரிக்காத கெனர் பொம்மையை அட்டையோடு காப்பது எப்படி?

அட்டை ஈரத்தை உறிஞ்சி வளையும். வளைந்தால் மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் குமிழ் ஓரத்திலிருந்து பிரியத் தொடங்கும். குமிழ் தனியாக மஞ்சளிக்கும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை. அட்டைக்கு அளவான கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாய்க்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு 500 ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றும் வையுங்கள். 45 முதல் 55 சதவீதத்துக்குள் முள் நின்றால் நல்லது. 65-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்ற வேண்டும். விலை ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், அட்டையின் படமும் சேர்ந்து வரும்.

தரமதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புவது பயனுள்ளதா?

விற்பதற்கென்றால் சில சமயம். ஏஎஃப்ஏ போன்ற அமைப்புகள் அட்டை, குமிழ், பொம்மை மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் கொடுத்து அக்ரிலிக் பெட்டியில் முத்திரையிட்டுத் திருப்பி அனுப்பும். இருவழிக் கூரியர், காப்பீடு, கட்டணம் எல்லாம் கூட்டினால் சாதாரண ரிட்லருக்குக் கட்டுப்படியாகாது. ஹார்லி என்றால் யோசிக்கலாம். அனுப்பினால் அட்டையின் மேல் காகிதமோ டேப்போ நேராகப் படக் கூடாது. முதலில் கெட்டி உறை, அதற்கு மேல் இரண்டு சுற்று காற்றுக் குமிழ்த் தாள், பிறகு நான்கு பக்கமும் 5 சென்டிமீட்டர் இடைவெளி விடும் பெட்டி. இடைவெளியைக் கசக்கிய காகிதத்தால் இறுக்கமாக நிரப்புங்கள். பெட்டியைக் குலுக்கினால் சத்தமே வரக் கூடாது. வந்தால் பிரித்து மறுபடி நிரப்புங்கள்.